இரண்டு பொட்டலங்களிலும் வெள்ளை

என் மனைவியின் கழுத்தில் கட்டி இருப்பதை முதலில் கவனித்தது ஆனி மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை. ஆடி முதல் செவ்வாயன்று புதுக்கோட்டையில் ஊசி குத்தி எடுத்துச் சோதித்தார்கள். அடுத்த செவ்வாய் முடிவு வந்தது: சந்தேகம். கட்டியை அகற்றிப் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும் என்றார் டாக்டர். பிழைத்துவிடுவாளா என்று கேட்டேன். இப்போதே சொன்னால் அது ஜோசியமாகிவிடும் என்றார். நேர்மையான பதில். அந்த நேர்மைதான் என்னைப் பயமுறுத்தியது.

அவள் ஆபரேஷனுக்குச் சம்மதிக்கவில்லை. திருமயம் பக்கத்தில் இருக்கும் எங்கள் குலதெய்வத்திடம் பூக்கட்டிப் பார்க்க வேண்டும் என்றாள். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாக இலையில் பொதிந்து அம்மன் காலடியில் போட்டு, ஒன்றை எடுத்துப் பிரிப்பார்கள். வெள்ளை என்றால் உத்தரவு. கிணறு வெட்டியதும் மகளுக்குச் சம்பந்தம் பேசியதும் அப்படிக் கேட்டுத்தான்.

"வெள்ளை வந்தா வாரேன். செவப்பு வந்தா என்னைய இப்படியே விட்டுருங்க."

உயிர் எப்படித் தோன்றியது, சூரியன் எப்போது அணையும் என்றெல்லாம் படித்து வைத்திருப்பவன் நான். கட்டியைப் பற்றிப் பூவுக்கு ஒன்றும் தெரியாது என்பது எனக்குத் தெரியும். சிவப்பு வந்தால் அவள் வரவே மாட்டாள் என்பதும் தெரியும். பொட்டலம் கட்டும் வேலை என்னிடம் வந்தது. கோயில் கிணற்றடிக்குப் போய் இரண்டு பூவரசு இலைகளிலும் நந்தியாவட்டையையே வைத்துக் கட்டினேன். செவ்வரளியைக் கிணற்றுக்குள் போட்டேன்.

"படிச்ச மனுசன் எப்படி வேர்த்துக் கொட்டுறாரு பாருங்க" என்று பூசாரியிடம் சொல்லி அவள் சிரித்தாள். அவர் ஒன்றை எடுத்துப் பிரித்தார். வெள்ளை. அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டு பூவைத் தலையில் வைத்தாள். மற்றதை யாரும் தொடும் முன் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

பயம் அத்தோடு தீரும் என்று நினைத்திருந்தேன். திரும்பி வரும் பஸ்ஸிலேயே அது கூடிவிட்டது. கேட்பதற்கு இருந்தது இரண்டே இடம். ஓரிடத்தில் பதில் இன்னும் இல்லை. இன்னோரிடத்தில் பதில் வராதபடி நானே வாயை அடைத்துவிட்டேன். ஒழுங்காகக் கட்டியிருந்தால் என்ன வந்திருக்கும்? நம்பாதவனுக்கு எழக்கூடாத கேள்வி. அவளோ தெருவில் எல்லோரிடமும் அம்மன் சொல்லிவிட்டாள் என்று சொல்லிக்கொண்டு, ஆஸ்பத்திரிக்கு வேண்டிய துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

ஆபரேஷன் அன்று காலை, தியேட்டர் வாசலில் ஸ்ட்ரெச்சர் நின்றபோதுதான் முதல்முறையாக அவள் கை சில்லிட்டிருந்தது. என் விரல்களை இறுக்கிப் பிடித்தாள்.

"அந்த இன்னொரு பொட்டலத்துல செவப்புதானே இருந்துச்சு?"

"செவப்புதான்."

"பிரிச்சுப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

அவள் பிடி தளர்ந்தது. கண்ணை மூடிக்கொண்டாள். உள்ளே தள்ளிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார்கள். அதன் பிறகு பயப்படுவதற்கு நான் ஒருவன்தான் மீதி.