அஞ்சு சாப்பாட்டுத் தூரம்

ஹட்டனிலிருந்து பொகவந்தலாவை போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை பங்களாவின் சமையற்காரர். துரை உடுத்திக் கழித்த கறுப்புக் கோட்டு, மழமழவென்று சவரம் செய்த முகம், மடியில் துணி மூட்டை. தூரத்தை அவர் மைலில் சொல்லவில்லை, சாப்பாட்டில் சொன்னார்.

“போன மாசம் தொரையோட அம்மாவுக்குச் சீரியஸுன்னு தந்தி வந்துச்சுங்க. ரத்மலானையில பிளேன் ஏறினாரு. லண்டனுக்கு அஞ்சு சாப்பாடு. அம்மா கண்ணத் தொறந்து பேசினாங்களாம்.”

“நீங்க எங்க போயிட்டு வர்றீங்க?”

“எங்கம்மாவுக்கும் சீரியஸுன்னு தந்தி வந்துச்சுங்க. இந்தியாவுல, துறையூர்ல இருக்காங்க. ரயிலும் கப்பலுமா நாலு சாப்பாடுதான், லண்டனைவிடக் கிட்ட. ஆனா பாஸ்போர்ட்டு குடுக்கிற கந்தோர்ல நான் எந்த நாட்டு ஆளுன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. பயணக் கடுதாசி கெடைச்சா அப்படியே ரயில் ஏறிடலாம்னு ஒவ்வொரு தடவையும் நாலு சோத்துப் பொட்டலம் கட்டிக்கிட்டுப் போவேன்.”

“இன்னைக்கும் கிடைக்கலையா?”

“கெடைச்சிருச்சுங்க. ஹட்டன் ஸ்டேசன்ல ரயிலுக்கு நிக்கிறப்ப தோட்டத்துத் தபால்காரர் தேடி வந்து ரெண்டாவது தந்தியக் குடுத்தாரு. முந்தாநாளே எரிச்சுட்டாங்களாம்.”

குரலில் எந்த மாற்றமும் இல்லை. மூட்டையை அவிழ்த்து ஒரு பொட்டலத்தை என்னிடம் நீட்டினார்.

“புளிச்சோறுங்க. வீணாப் போயிரும், சாப்பிடுங்க.”

மறுக்கத் தெரியாமல் வாங்கினேன். டிக்கோயா தாண்டுவதற்குள் தின்று முடித்தேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதாவது சொல்லவேண்டுமே என்று, “நல்லா இருந்துச்சுங்க” என்றேன்.

சட்டென்று திரும்பி, துரையின் சாப்பாட்டு மேசையருகே நிற்பவர்போல முதுகை நிமிர்த்திக்கொண்டு, “தேங்க்யூ சார்” என்றார்.