கொலராடோவில் இருக்கும் மகன்

ஜாம்பியாவிலிருந்து வரும் முதிந்தா ஹமூங்காவைப் பத்து நாள் யார் வீட்டில் தங்கவைப்பது என்று எங்கள் சர்ச்சில் கேட்டபோது, முதலில் கை தூக்கியவள் டார்லின். ஓஹையோவில் எங்கள் ஊர்ப் பள்ளிப் பேருந்தை ஓட்டுபவள். கணவன் போனபின் யாரையும் வாசலைத் தாண்ட விடாதவள். எங்களுக்கே ஆச்சரியம்தான்.

முதிந்தா தன் ஊரில் தெருவோரம் விழுந்துகிடப்பவர்களைத் தேடிப்போய்ப் பார்க்கும் சமூகப் பணியாளர். வந்த அன்றே சுவரில் இருந்த படத்தைக் காட்டிக் கேட்டார்.

"இது யாரு அக்கா? பையனா?"

"ஆமா, டிராவிஸ். கொலராடோல வேலை பாக்குறான். நல்ல சம்பளம்."

டிராவிஸ் கொலராடோ போனதே இல்லை. முதுகு வலிக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையே போதையாகப் பிடித்துக்கொண்டது. வீட்டில் இருந்ததையெல்லாம் விற்றான். டார்லின் பூட்டை மாற்றினாள். அவன் ஆற்றுப் பாலத்தின் கீழ் படுப்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் அவளிடம், "கொலராடோல பனி கொட்டுதாமே?" என்று விசாரிப்போம்.

வியாழக்கிழமை சர்ச்சில் இலவசச் சாப்பாடு. டார்லின் சூப் ஊற்றினாள். பக்கத்தில் முதிந்தா சோள ரொட்டி கொடுத்தார். வரிசையில் டிராவிஸ் வந்து நின்றான். தாடி, கிழிந்த மேல்கோட்டு.

டார்லின் கிண்ணத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"பீன்ஸா, கோழியா?" என்றாள், யாரோ ஒருவனிடம் கேட்பதுபோல.

அவன் அம்மாவைப் பார்த்தான். விருந்தாளியைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது.

"பீன்ஸ் போதும், மேடம்."

முதிந்தாவும் ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய் அவன் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டார். ஒருமுறை அவன் சிரித்த சத்தம் கேட்டது. டார்லின் தலையைக் குனிந்தபடி அண்டாவைக் கிளறிக்கொண்டே இருந்தாள்.

திரும்பும் வழியில் காரை ஓரமாக நிறுத்தினாள்.

"அது என் பையன்."

"தெரியும்க்கா. அப்படியே உங்க மூக்கு."

"என்னப் பத்தி ஏதாவது சொன்னானா?"

"சூப்புல உப்பு கம்மின்னான்."

டார்லினுக்குச் சிரிப்பு வந்தது, பாதியிலேயே அழுகையாகிவிட்டது. "அவன் என்னைக் காப்பாத்துறான், முதிந்தா. மேடம்னு கூப்பிட்டு என் மானத்தக் காப்பாத்துறான். நான் என்ன பொம்பள?"

முதிந்தா ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் என்று டார்லின் பின்னாளில் என்னிடம் சொன்னாள்.

முதிந்தா ஊருக்குப் போனபின்னும் டார்லின் ஒரு வியாழன்கூடத் தவறவில்லை. டிராவிஸ்தான் வரவில்லை. பனிக்காலம் பாதி போனபின் ஒருநாள் வந்தான். டார்லின் கரண்டியை வைத்துவிட்டு, கூடம் முழுக்கக் கேட்கும்படி, "இவன் டிராவிஸ். என் மகன்" என்றாள்.

ஒருவரும் நிமிரவில்லை. நானும்தான். எங்களுக்குத் தெரியாத சேதியா அது?

டிராவிஸின் முகம் சிவந்துபோயிற்று.

"அம்மா, சும்மா இரேன். பின்னாடி ஆளுங்க நிக்குறாங்க" என்று சொல்லி, கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டான்.