தூங்கும்போது எடுத்த அளவு

என் மகள் நஸ்ரின் முதன்முதலாகப் பாதையின் நடுவே உட்கார்ந்தபோது, பள்ளிக்கூடம் திறக்க இரண்டு மாதம் இருந்தது. எங்கள் வீடு எம்.ரெட்டியபட்டிக்கு வெளியே, கரிசல் காட்டுக்குள் இருக்கிறது. பஸ் நிறுத்தத்துக்கும் பள்ளிக்கும் ஒரே கரிசல் பாதை. பாதி வழியில் உட்கார்ந்து, "போதும்" என்றாள்.

அவளுக்கு ஆறு வயது. டவுன் சிண்ட்ரோம் (பிறவியிலேயே ஒரு குரோமோசோம் கூடுதலாக இருக்கும் நிலை) உள்ள குழந்தை. மூன்றரை வயதில்தான் நடந்தாள். சோறோ, குளியலோ, விருந்தாளியோ, எது பிடிக்காவிட்டாலும் அவள் சொல்வது "போதும்" என்றுதான். அன்றும் அடம் என்றே எடுத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் வாசலைத் தாண்டவே மறுத்தாள்.

ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியை, "நடந்து வந்து உக்காந்துட்டா மத்தத நாங்க பாத்துக்கிறோம்மா" என்று சொல்லியிருந்தார். சட்டப்படி அவளைச் சேர்க்க மறுக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால், முதல் நாளே இடுப்பில் தூக்கி வரப்பட்டால், ஐந்து வருடமும் ஒரு மூலையில் உட்கார வைக்கப்படுவாள் என்பதும் தெரியும்.

வெறுங்காலோடு விடவும் முடியாது. பாதையின் இருபுறமும் சீமைக்கருவேலம். முள் தைத்தாலும் அவளுக்குச் சொல்லத் தெரியாது. ஷூவைப் போட்டுவிட்டாலும் நகர மாட்டாள். அதன் ஒட்டும் பட்டையைப் பிரித்துவிடுகிறாள் என்று, மேலே ஒரு நாடாவும் கட்டினேன். வாசற்படியில் அவள், அவளை விட்டு நகர முடியாமல் நான். அந்த மாதம் முழுவதும் அப்படியே கழிந்தது.

அந்த ஷூவை அனுப்பியவர் அவள் அத்தா, என் கணவர். சவூதியில், தம்மாமில் ஒரு கடையில் வேலை பார்க்கிறார். வெளிநாட்டிலிருந்து செருப்பு வேண்டுமென்றால், காலைத் தாளில் வைத்து வரைந்து அனுப்புவது எங்கள் வழக்கம். விழித்திருக்கும்போது நஸ்ரின் காலை அசைக்காமல் வைக்க மாட்டாள். அதனால் மதியம் அவள் தூங்கியபோது, பாதத்தில் தாளை அணைத்துப் பிடித்து வரைந்தேன். ஷூ கச்சிதமாக இருந்தது. அடி வைத்தால் லைட் எரியும். முதல் சில நாள் அந்த லைட்டுக்காகவே நடந்தாள். அதனால் ஷூவின்மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

கடைசியில் அருப்புக்கோட்டைக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். குழந்தை மருத்துவர், "இந்தப் பிள்ளைகளுக்கு நடை திடீர்னு மாறினா முதல்ல கழுத்தப் பாக்கணும்" என்றார். (கழுத்தின் மேல் இரண்டு எலும்புகளின் பிடிப்பு தளர்ந்து, தண்டுவடத்தை அழுத்தக்கூடும்.) எக்ஸ்ரே முடிவு தெரியும்வரை அவளைக் குனியக்கூட விடவில்லை. கழுத்தில் குறை இல்லை. இயன்முறை மருத்துவரிடம் (உடற்பயிற்சி மூலம் சிகிச்சை தருபவர்) அனுப்பினார்.

அந்த அம்மா முதலில் ஷூவைக் கழற்றினார். சுண்டுவிரலின் அடியில் சிவந்து கன்றியிருந்தது. பாதத்தை நனைத்து, அவளைச் சிமெண்ட் தரையில் நிற்க வைத்து நகர்த்தினார். ஷூவின் உள்தட்டை உருவி அந்த ஈரத் தடத்தின்மேல் வைத்தார். இருபுறமும் தடம் வெளியே பிதுங்கி நின்றது.

"இந்த ஷூவ எந்தப் பிள்ளைக்கு வாங்குனீக?"

"இவளுக்குத்தான் மேடம். அளவெடுத்துத்தான் வாங்குனோம்."

"எப்ப எடுத்தீக?"

"தூங்கும்போது."

"தூக்கத்துலயா நடக்கப் போறா?"

பிறகு பொறுமையாக விளக்கினார். இந்தக் குழந்தைகளின் தசையும் மூட்டுகளும் தளர்வானவை. எடை இறங்கினால் உள்ளங்கால் தட்டையாகி, பாதம் விரியும். நீளம் குறைவு, அகலம் அதிகம். நீளத்துக்கு வாங்கினால் நெரிக்கும். அகலத்துக்கு வாங்கினால் முனை நீண்டு தடுக்கிவிடும். கடையில் இருப்பவற்றில் பெரும்பாலும் இந்த இரண்டுதான்.

அன்று சாயங்காலம் வீடியோ காலில் அவள் அத்தாவிடம் சொன்னேன்.

"வலிக்குதுன்னு புள்ள சொல்லவே இல்லையா?"

"சொன்னா மச்சான். போதும் போதும்னு சொன்னா."

மதுரையில், நிற்க வைத்து அளவெடுத்து, முன்பக்கம் அகலமாகவும் குதிகால் உறுதியாகவும் ஒரு ஷூ செய்து வாங்கினோம். இதே நிலையில் பிள்ளை உள்ளவர்கள் நிற்கும் காலையே அளவெடுங்கள். நான் கட்டிய நாடாவை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

பள்ளி திறந்த அன்று, அதே இடத்தில் மறுபடியும் உட்கார்ந்தாள். ஷூ மாறியது அவளுக்குத் தெரியும். அந்த இடம் மாறவில்லை. மணி அடிப்பது தூரத்தில் கேட்டது. தூக்கிவிடலாமா என்று கை போனது. தூக்கவில்லை. நானும் மண்ணில் உட்கார்ந்து, ஷூவைக் கழற்றி, விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சிவப்பு இல்லை. அவளும் பார்த்தாள். பிறகு காலை என் பக்கம் நீட்டினாள். மாட்டிவிட்டேன். தாமதமாகத்தான் போனோம். ஆனால் வகுப்புக்குள் நடந்து போனாள்.

இப்போதும் சில நாட்களில் அங்கே உட்காருகிறாள். அடம் என்ற சொல்லை நான் இப்போது வாயில் எடுப்பதில்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, குளிக்க வைத்ததும் முற்றத்துச் சிமெண்டில் அவளை நிற்க வைக்கிறேன். அவள் நகர்ந்த உடனே சாக்பீஸால் தடத்தைச் சுற்றி வரைய வேண்டும். எங்கள் ஊர் வெயிலில் ஈரம் நிற்காது; தாமதித்தால் அளவு சிறுத்துவிடும். விளிம்பிலிருந்துதான் காயத் தொடங்குகிறது.