மிட்டாயக்கா கொடுத்த ரத்தம்

சட்டைத் தொழிற்சாலையின் காலர்ப் பகுதியில் அவளை எல்லோரும் மிட்டாயக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சர்க்கரை நோய்க்காரிக்கு இப்படி ஒரு பேரா என்று புதிதாக வருகிறவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். சர்க்கரை திடுமென்று இறங்கிக் கை நடுங்கினால் வாயில் போட்டுக்கொள்ள அவள் பையில் எப்போதும் நாலு மிட்டாய் கிடக்கும். பேர் வந்தது அப்படித்தான். கை நடுங்கும்போது தைத்த காலர்கள் கோணிக்கொண்டு போகும். முணுமுணுக்காமல் பிரித்து மறுபடி தைப்பாள். பதினோரு வயதில் பிடித்த நோய், இப்போது நாற்பத்தாறு. நாளுக்கு நாலு ஊசி. வயிற்றில் புது இடம் தேடித் தேடியே அலுத்துவிட்டது.

ஆறு வருஷத்துக்கு முன், அவள் வழக்கமாகப் போகும் ஆஸ்பத்திரியின் ஆய்வுக்கூடத்தில் ரத்தம் கேட்டார்கள். அதிலிருந்து எந்த உறுப்பின் செல்லாகவும் மாறக்கூடிய ஸ்டெம் செல் உண்டாக்கி, இன்சுலின் சுரக்கும் செல்லாக வளர்த்துப் பார்க்கப் போவதாக டாக்டரம்மா விளக்கினார். அவளுக்குப் பாதிதான் புரிந்தது.

"என்னைக்காவது ஊசி போடாம இருக்க முடியுமா?" என்று மட்டும் கேட்டாள்.

"முயற்சி பண்றோம்மா. அதுக்கு மேல சொல்லத் தெரியல."

சத்தியம் பண்ணாததே அவளுக்குப் பிடித்துப்போயிற்று. அன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரைநாள் விடுப்புப் போட்டுக் கையை நீட்டிவிட்டு வந்தாள்.

இந்த வருஷம் மனிதர்களுக்கு அந்தச் செல்லைச் செலுத்திப் பார்க்கும் சோதனை தொடங்கியது. முதல் ஆளாகப் பேர் கொடுத்தவள் அவள்தான். இரண்டு வாரம் பரிசோதனைகள். பிறகு டாக்டரம்மா அவளை உட்காரவைத்துச் சொன்னார்.

"உங்க ரத்தத்துல வந்த செல்லா இருந்தாலும் உடம்பு அதை அழிக்கப் பார்க்கும். ஏத்துக்கணும்னா கூடவே ஒரு மருந்து சாப்பிடணும். சர்க்கரையில கெட்டுப்போன உங்க கிட்னி அதைத் தாங்காது. உங்களைச் சேர்க்க முடியலம்மா."

அவள் தலையாட்டினாள். டாக்டரம்மா அவளைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போய் நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னார். துணியில் உருண்ட நூல் பிசிறுபோலச் சின்னச் சின்ன உருண்டைகள்.

"இது உங்களோடதுதான். சர்க்கரைத் தண்ணி விட்டா இன்சுலின் சுரக்குது. எல்லாத் தடவையும் இல்ல, பாதி தடவை சொதப்பிடுது."

"என்கிட்ட இருந்தப்ப இந்தப் புத்தி வரலையே" என்றாள் அவள்.

வீட்டில் தங்கை கொதித்தாள். "ஆறு வருஷம் ரத்தம் கொடுத்தது நீ. குணமாகப்போறது வேற யாரோவா? நீ என்ன குழாயாக்கா, திறந்தா ஊத்துறதுக்கு?"

"கிட்னி அவங்க கெடுத்ததில்லடி."

"போதும், இனிமே அந்தப் பக்கம் போகாத."

அவளும் போகக்கூடாது என்றுதான் இருந்தாள். கோபம் என்றுகூடச் சொல்ல முடியாது. கோபப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது. அடுத்த முறை ரத்தம் கொடுக்க ஆய்வுக்கூடத்திலிருந்து அழைப்புக் கடிதம் வந்தபோது பிரிக்காமல் அலமாரியில் போட்டாள். மூன்று வாரம் காலர் தைத்தாள், ஊசி போட்டாள், தூங்கினாள். பிறகு கிட்னி டாக்டரைப் பார்க்க அதே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டி வந்தது. திரும்பும்போது கால் அவளைக் கேட்காமலே ஆய்வுக்கூடத்துப் பக்கம் திரும்பியது.

"அந்த மருந்து இல்லாமலே உடம்பு ஏத்துக்கிற மாதிரி பண்ண முடியாதா?" என்று நின்றபடியே கேட்டாள்.

"உங்க ரத்தத்தை வெச்சு இப்ப அதைத்தான் பார்த்துக்கிட்டிருக்கோம். ரொம்ப நாள் ஆகும்" என்றார் டாக்டரம்மா.

"என் காலத்துல வருமா?"

"சந்தேகம்தான்."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "இடது கையில எடுங்க. வலது கை வலிச்சா நாளைக்குத் தைக்க முடியாது."

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே தங்கை முழங்கைப் பஞ்சைப் பார்த்துவிட்டாள். திட்டப்போகிறாள் என்று அக்கா காத்திருந்தாள். தங்கை சாப்பாட்டைத் தட்டில் போட்டு அவள் முன்னால் கொண்டுவந்து வைத்தாள். பாதி சாப்பிடுவதற்குள் மிட்டாயக்காவுக்குத் தூக்கத்தில் கண் சொக்கிவிட்டது.