சிவப்புக் காய் நின்ற இடம்

அன்றைக்கு மைதானத்தில் எங்கள் அணியின் இருபத்திரண்டு பேரும் இருந்தோம். அணியிலேயே பெரிய ஆளான, பசிபிக் கடலின் தொங்காத் தீவுக்காரனும் இருந்தான், அவனுடைய அம்மாவும் தங்கைமாரும் ஒரு பெரிய சட்டியில் அவித்த கிழங்கோடு வந்திருந்தார்கள். கோச் புல்லில் முழங்காலூன்றி, ஐஸ்பெட்டி மூடியின்மேல் கரம்போர்ட் காய்களை அடுக்கிக்கொண்டிருந்தார். கறுப்பு எதிரணி, வெள்ளை நாங்கள், சிவப்பு நான். அப்பா மட்டும் வரவில்லை. அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டம் அது. ஒரு தடவையாவது நான் பந்தோடு எல்லைக்கோட்டைத் தாண்டுவதை அவர் பார்க்கவேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை இருக்கவில்லை.

மெல்பேர்னில் அமெரிக்கக் கால்பந்து விளையாடினோம் என்றால் இன்றைக்கும் ஆட்கள் சிரிப்பார்கள். தொண்ணூறுகளில் தென்கிழக்குப் புறநகர் ஒன்றில், ஞாயிறு பின்னேரங்களில், கடன் வாங்கிய தலைக்கவசங்களோடு விளையாடினோம். கோச் மலேசியத் தமிழர். அமெரிக்காவில் படித்த காலத்தில் இந்த விளையாட்டைப் பிடித்துக்கொண்டவர், என்னைவிடப் பத்து வயது மூப்பு இருக்கும். நான் பொறியியல் இரண்டாம் வருடம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாகக் கண்டவன் நான்தான். தொழிற்சாலையில் இரவு வேலை செய்த அப்பாவுக்கு இது பெரிய மனவருத்தம். “படிக்கப் போனவன் ஆட்களோட போய் முட்டிக்கொண்டு நிக்கிறான்” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார்.

அவர் சொன்னதில் பிழையில்லை. பின்வரிசையில் நின்று பந்தைக் கையில் வாங்கி, முன்னால் உள்ள ஆள்சுவரில் இடைவெளி திறக்கும் கணத்தில் தலையைக் குனிந்து பாய்வதுதான் ஓட்டக்காரனுடைய வேலை. கோச் அமெரிக்காவிலிருந்து எழுதிக் கொண்டுவந்த குறிப்புக் கொப்பியில் அப்படித்தான் இருந்தது. நானோ இடைவெளிக்கு முன்னால் நின்று, மறிக்கிறவனுடைய கண்ணைப் பார்ப்பேன். அதற்குள் இரண்டு பேர் என்மேல் கிடப்பார்கள். ஆறு கிழமை புல்லுத் தின்றேன். “அவன் கண்ணுல என்னடா எழுதியிருக்கு, படிச்சிட்டே நிக்கிற?” என்று கோச் கேட்காத நாள் இல்லை.

ஒருநாள் பந்துக்குக் காற்றடிக்கிற பம்ப் பழுதாகி, பயிற்சி தொடங்கத் தாமதமானது. சும்மா நிற்காமல் மற்றவர்களுக்குக் கிளித்தட்டு காட்டிக்கொடுத்தேன். கோட்டுக்கு ஒருவன் மறித்து நிற்பான், அவன் கை படாமல் ஒவ்வொரு கோடாகத் தாண்டவேண்டும், அவ்வளவுதான். அந்த மைதானத்தில் ஐந்து யார்ட்டுக்கு ஒன்றாகக் கோடு ஏற்கெனவே போட்டிருந்தது. நான் நின்றேன், பார்த்தேன், ஓரடி பின்வைத்தேன், மறிக்கிறவன் சாய்ந்த பக்கத்துக்கு மறுபக்கத்தால் போனேன். ஒருவனுடைய விரல்கூடப் படவில்லை. தொங்காக்காரன் மூன்று தரம் வெறுங்காற்றைப் பிடித்துவிட்டு, புல்லில் மல்லாந்து கிடந்து சிரித்தான். கோச் சொசேஜ் சுற்றிய பாண் துண்டை வாய்க்குக் கொண்டுபோன கை அப்படியே நிற்கப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு கரம் காய்களை எடுத்தார். நடுவிலிருந்த சிவப்பைத் தூக்கி, மூடியின் ஓரத்தில் வைத்தார். நடுவில் ஒரு வெள்ளையை வைத்து, அது தொங்காக்காரன் என்றார். இனிமேல் சுவரை இடிக்கிற வேலை அவனுக்கு. ஓரத்தில், வெளியான இடத்தில், ஒருவனுக்கு எதிரே ஒருவனாக நிற்கும்போது பந்து எனக்கு எறியப்படும்.

“உன் ஓட்டத்த நான் மாத்தல. நீ நிக்கிற இடத்தத்தான் மாத்தறேன்” என்றார். “ஆறு வாரம் வேஸ்ட் பண்ணிட்டேன்லா.”

அடுத்த நாலு ஆட்டங்களை நினைத்தால் இப்போதும் உள்ளங்கால் குறுகுறுக்கிறது. தொங்காக்காரன் நடுவால் இடிப்பான், எதிரணி முழுக்க நடுவில் குவியும், ஓரத்தில் நான் ஒருவனை மட்டும் ஏமாற்றினால் போதும். நாலும் வென்றோம்.

கடைசி ஆட்டத்தில் நாலு புள்ளி பின்னால் நின்றோம். எல்லைக்கு இரண்டு யார்ட். நேரம் ஒரேயொரு முயற்சிக்குத்தான் இருந்தது, தாண்டினால் ஆறு புள்ளி. அப்போதுதான் வேலிக்கரையில், தொழிற்சாலைச் சட்டையோடு, நித்திரை முழுதாக முறியாத முகத்தோடு அப்பா நிற்பதைக் கண்டேன். ஓடிப்போய்க் கோச்சிடம் சொன்னேன். பந்தைத் தரச்சொல்லிக் கேட்கவில்லை என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேட்டதுதான் உண்மை.

கோச் வேலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “சரி, நடுவுல நீ போ.” தொங்காக்காரன் என் தலைக்கவசத்தில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு விலகி நின்றான்.

பந்து கைக்கு வந்தது. சுவர் திறந்தது, கதவு மாதிரி. நான் நின்றேன். மறிக்கிறவனுடைய கண்ணைப் பார்த்தேன். ஓரடி பின்வைத்தேன், இன்னுமோரடி, பிறகு இன்னும். மூன்று பேர் என்மேல் விழுந்தார்கள். நடுவர் விசில் ஊதினார். தோற்றோம்.

கோச்சும் நானும் தலையைக் குனிந்துகொண்டு வேலிப்பக்கம் போனோம். அந்த விளையாட்டை வாழ்க்கையில் பத்து நிமிடம் பார்த்திருந்த அப்பா கோச்சிடம் கேட்டார்: “தம்பி, குறை நினையாதேங்கோ. உந்தப் பெரியவனுக்கெல்லோ குடுத்திருக்கவேணும்? இவன் சுழிச்சு ஓட அதில எங்க இடம் கிடக்கு?”

கோச் வேலியோரத்து ஐஸ்பெட்டிமேல் குந்தியிருந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். “தெரியும் அங்கிள். தெரிஞ்சுதான் குடுத்தேன். உங்களப் பாத்ததும் புத்தி போச்சு.” அடுத்த வருடம் நீங்களே கோச்சாக வாருங்கள் என்றார். “ஓம், பாப்பம்” என்றார் அப்பா, பகிடி இல்லாமல். அடுத்த வருடம் ஒரு ஞாயிறும் அவர் தவறவிடவில்லை.

இப்போது மெல்பேர்னின் ஓரத்தில், கிரான்பர்னில் இருக்கிறோம். கோச் மலேசியாவுக்குத் திரும்பியபோது கரம் காய்களை எனக்குத் தரவில்லை, அப்பாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். யாராவது புதிதாக வீட்டுக்கு வந்தால் போதும், தேத்தண்ணிக் கோப்பைகளைத் தள்ளிவிட்டு அப்பா மேசையில் காய்களை அடுக்குவார். கறுப்பு எதிரணி, வெள்ளை நாங்கள். சிவப்பை நடுவில் வைத்து, விரலால் மெல்லப் பின்னுக்கு இழுப்பார்.

“போகவேண்டினது ரெண்டு யார்ட். இவர் பின்னுக்குப் போய்க் குடுத்தது மூண்டு. மொத்தம் அஞ்சு.”