கமலா அக்கா முதலில் யாரிடம் போவார்

திங்கட்கிழமை காலை ஆலைக்குள் நுழைந்ததும் நான் முதலில் பார்த்தது ஜோசியானின் சட்டையைத்தான். அதில், எங்கள் ஆலையின் முதலுதவி அறையைப் பார்த்துக்கொள்ளும் கமலா அக்காவின் கடிகாரம் குத்தியிருந்தது. நாடி பார்ப்பவர்கள் மார்பில் தலைகீழாகத் தொங்கவிடும் சின்னக் கடிகாரம் அது. சனிக்கிழமை வேலை முடிந்ததும் அக்கா அதைக் கழற்றி முதலுதவி அறையின் ஆணியில் மாட்டிவிட்டுப் போவார். திங்கட்கிழமை அவரே எடுத்துக் குத்திக்கொள்வார். வேறு யாரும் அதைத் தொட்டு நான் பார்த்ததில்லை. 'இதையும் இவளுக்கே கொடுத்துவிட்டாரா' என்று நினைத்தேன். ஜோசியானின் கண்கள் வீங்கியிருந்ததை அதற்குப் பிறகுதான் பார்த்தேன். எந்திரங்கள் எதுவும் ஓடவில்லை என்பதை அதற்கும் பிறகுதான் கவனித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், பாம்ப்ளமூஸில் தம் வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவ எழுந்த கமலா அக்கா, தலையைப் பிடித்துக்கொண்டு விழுந்திருக்கிறார். மூளையில் இரத்தக்குழாய் வெடித்து இறந்துவிட்டார் என்று மருத்துவமனையில் சொன்னார்களாம். அவருக்கு வயது முப்பதைத் தாண்டி அதிகம் ஆகியிருக்கவில்லை.

கோயில் மலருக்கு அவரைப் பற்றி எழுதும்படி அப்பா சொன்னார். என் அப்பா நம் கோயிலில் நாதஸ்வரம் வாசிக்கிறார். நான் சிறுமியாக இருந்தபோது தமிழ்நாட்டிலிருந்து இந்தத் தீவுக்கு வந்தோம். பள்ளியில் பிரெஞ்சு எனக்கு வாயில் நுழையவில்லை. பாதியில் விட்டுவிட்டு, தேர் ரூஜ் என்ற ஊரில் ஸ்வெட்டர் ஆலையில் சேர்ந்தேன். "நல்லதா எழுதும்மா, வள்ளி" என்றார் அப்பா. நல்லதைத்தான் எழுதப் போகிறேன். ஆனால் பொறாமையை எடுத்துவிட்டால் கமலா அக்காவைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றும் மிஞ்சாது. இதைப் படிக்கும் உங்களில் பலரின் மணிக்கட்டை அவர் பிடித்திருப்பார். பலரின் கண்ணிமையை விலக்கிப் பார்த்திருப்பார். உங்கள் மேலும் எனக்குப் பொறாமைதான்.

ஆலைக்கு வருவதற்கு முன் அக்கா ஆம்புலன்ஸில் உதவியாளராக இருந்தவர். என் எந்திரம் அவருடைய அறைக் கதவை ஒட்டி இருந்ததால் உள்ளே நடப்பதெல்லாம் எனக்குக் கேட்கும். அவருக்குத் தமிழ் கொஞ்சம்தான் வரும். இந்தத் தீவின் பேச்சுமொழியான க்ரியோலில் தொடங்கி, நடுவில் ஒரு 'முருகா' போட்டு, க்ரியோலில் முடிப்பார். அவர் சொன்னதை என் தமிழில்தான் இங்கே எழுதுகிறேன்.

பாம்பூ ஊரிலிருந்து பெண்களை ஏற்றிவந்த ஆலை வேன் ஒருநாள் வாசல் தூணில் மோதியது. எல்லாரும் ஓடினோம். ஒருத்தி நெற்றி பிளந்து, முகமெல்லாம் இரத்தமாக, "செத்தேன், செத்தேன்" என்று கத்திக்கொண்டிருந்தாள். கூட்டம் முழுவதும் அவளைச் சுற்றி நின்றது. கமலா அக்கா ஒரு சுத்தமான துணியை அவள் கையிலேயே கொடுத்து, "அழுத்திப் பிடி, விடாதே" என்று சொல்லிவிட்டு அவளைத் தாண்டிப் போனார். வேனின் படியில் இன்னொரு பெண் மடியில் பையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். அவள்மேல் ஒரு சொட்டு இரத்தம் இல்லை.

அக்கா அவள் முன் முழங்காலிட்டார். பெயர் கேட்டார். இன்று என்ன கிழமை என்று கேட்டார். பதில் மெதுவாக வந்தது. நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். சில்லென்று வியர்த்திருந்தது. நாடி வேகமாக, நூல் போல ஓடுகிறது என்றார். இடது விலா எலும்புக்குக் கீழே மெல்ல அழுத்தியதும் அவள் முகம் சுருங்கியது. யாரோ தண்ணீர்க் குவளையை நீட்டினார்கள். "தண்ணீர் வேண்டாம்! படுக்க வைங்க, காலைத் தூக்குங்க, போர்வை கொண்டு வாங்க. ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்க, வயிற்றுக்குள்ளே இரத்தம் போகுதுன்னு சொல்லுங்க." மண்ணீரல் கிழிந்திருந்தது. அறுவை செய்து பிழைத்துக்கொண்டாள்.

நெற்றியில் தையல் போட்டுத் திரும்பி வந்தவள் பிறகு சண்டைக்கு வந்தாள். "நான் அவ்வளவு கத்தினேன், நீ என்னைத் தாண்டிப் போனியே!" அக்கா சிரித்தார். "கத்துறவளுக்கு மூச்சு இருக்கு. அவ என்னைக் கூப்பிடுறா, நான் வருவேன். கூப்பிட முடியாதவகிட்ட நானாகத்தான் போகணும்."

கதவருகே அதைக் கேட்டு நான் அடைந்த கோபம் உங்களுக்குப் புரியுமா தெரியவில்லை. எனக்கும் சத்தம் வராது. சின்ன வயதிலிருந்தே வராது. கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தேன். என்னிடம் அவர் ஏன் வரவில்லை?

அதனால் நானே போனேன். தலை சுற்றுகிறது என்றேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார். மூச்சைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார். "எப்போ ஆரம்பிச்சது? இதுக்கு முன்னாடி வந்திருக்கா? காலையில என்ன சாப்பிட்டே?" அந்தச் சிறிது நேரம் உலகத்தில் வேறு வேலையே இல்லாதவர் போல என்னைப் பார்த்தார். அடுத்த வாரம் மறுபடி போனேன். அதற்கடுத்த வாரமும் போனேன். அன்று கையை என் மடியிலேயே திருப்பி வைத்துவிட்டார். "வள்ளி, உன் நாடி என் நாடியைவிட நல்லா இருக்கு. போய் வேலையைப் பாரு." வெளியே வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

பிறகு ஜோசியான் வந்தாள். இஸ்திரிப் பகுதியில் நீராவிக்கு நடுவே பாடிக்கொண்டே வேலை செய்தவள். ஒரு சாப்பாட்டு வேளையில் கமலா அக்கா எங்கள் கூடத்துக்கு வந்து, "அறையில எனக்கு இன்னொரு ஆள் வேணும். யாருக்கு விருப்பம்?" என்று கேட்டார். வாயில் சோறு இருக்க ஜோசியான் எழுந்து நின்றாள். "நான்! அந்த இஸ்திரிச் சூட்டிலிருந்து தப்பிக்கிறதுக்கு நான் பிணத்தைக்கூடத் தூக்குவேன்!" எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். அவ்வளவுதான், முடிந்துவிட்டது. நான் டப்பாவை மூடக்கூட இல்லை.

வீட்டில் சொல்லி அழுதேன். அம்மா கேட்டாள், "நீ வாயத் தொறந்து கேட்டியாடி?"

"இல்ல."

"அப்புறம் அந்தப் பொண்ணு மேல என்ன கோபம்?"

"அவ கேட்டாளே, அதான்."

அதன்பிறகு தினமும் கதவு வழியாக அவளுக்கு நடந்த பாடத்தைக் கேட்டேன். "கட்டைவிரலால நாடி பார்க்காதே, உன் நாடியையே எண்ணிக்கிட்டு இருப்பே." அவள் மறுநாளும் கட்டைவிரலால்தான் பார்ப்பாள். "தீக்காயத்துல வெண்ணெய் தடவாதே, தண்ணீர் ஊத்து, நிறைய நேரம் ஊத்து." அவள் தன் பாட்டி வெண்ணெய்தான் தடவுவாள் என்று வாதாடுவாள். இங்கே நான் ஸ்வெட்டரின் கழுத்தைக் கோப்பதற்கு நடுவே என் மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்துப் பார்த்துக்கொள்வேன். அக்கா அவளைத் திட்டும்போது அந்தத் திட்டு எனக்கு விழக்கூடாதா என்றிருக்கும்.

காவடிக்கு அக்கா முதலுதவிப் பையோடு நடப்பது உங்களுக்குத் தெரியும். போன காவடிக்கு ஜோசியானும் வந்தாள். மாதா கோயிலுக்குப் போகிறவள், காவடி எடுத்தவர்களைத் தொடவேண்டியிருக்கும் என்பதற்காக நம்மோடு சேர்ந்து விரதம் இருந்தாள். "ஏ மாம்ஸெல்!" பெரிய வீட்டுப் பெண்ணை அழைப்பது போல, என்னை அப்படித்தான் கூப்பிடுவாள். "ஒரு துண்டு மீன்கூட இல்லை. உங்க முருகன் உன்னைவிட என்னைத்தான் அதிகமாகப் பார்க்கிறார், தெரியுமா?" அப்படியும் இருக்கலாம் என்று எனக்குப் பயமாக இருந்தது.

அன்று வெயில் கொடுமையாக இருந்தது. அப்பாவுக்குப் பின்னால் குடை பிடித்து நடந்தேன். ஆடிக்கொண்டிருந்த ஒருவர் விழுந்தார். சற்றுத் தள்ளிப் பால்குடம் எடுத்த ஒரு பெண்ணும் விழுந்தார். இருவருக்கும் அருள் என்று கூட்டம் அரோகரா சொன்னது. அக்கா ஆணின் கையைத் தூக்கி அவர் முகத்துக்கு மேலே விட்டார். கை முகத்தில் விழாமல் பக்கவாட்டில் இறங்கியது. உடம்பு வியர்வையில் நனைந்திருந்தது. மூச்சு சீராக இருந்தது. "இவருக்குச் சாமி. தலை கல்லில் படாம மட்டும் பார்த்துக்கங்க." அந்தப் பெண்ணின் கை முகத்திலேயே விழுந்தது. தோல் காய்ந்து கொதித்தது. அவரை மரநிழலுக்குத் தூக்கச் சொல்லி, ஈரத்துணியைக் கழுத்திலும் அக்குளிலும் வைத்து விசிறினார். யாரோ ஒரு பெரியவர், "அருளை ஏன்மா கலைக்கிறே?" என்று கோபித்தார். அக்கா தலை நிமிரவில்லை. "சாமி வந்தாலும் மூச்சு மூச்சுதான், ஐயா. முதல்ல அதைப் பார்த்துடுறேன். அப்புறம் கும்பிடுறேன்."

பிறகு ஜோசியானின் கையை எடுத்து அந்தப் பெண்ணின் கழுத்தில் வைத்து, அதன்மேல் தம் கையை வைத்துக்கொண்டார். "இங்கே. தெரியுதா?" ஜோசியான் தலையாட்டினாள். நான் குடையைச் சரித்துவிட்டேன். வாசித்துக்கொண்டே அப்பா திரும்பி முறைத்தார்.

அந்தக் கை என் கைமேல் ஒருநாளும் இருந்ததில்லை. அவருடைய பொருள் எதுவும் என்னிடம் இல்லை. கதவு வழியாகக் கேட்டவை மட்டும் இருக்கின்றன. என்னிடம் சொன்னவை அல்ல. ஆனாலும் ஒரு சொல் விடாமல் வைத்திருக்கிறேன்.

திங்கட்கிழமை மதியம் எங்களையெல்லாம் வேனில் பாம்ப்ளமூஸுக்கு அழைத்துப் போனார்கள். அக்காவைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். அவருடைய அம்மா அழாமல் காலடியில் உட்கார்ந்திருந்தார். ஜோசியான் அழுத அழுகையில் தெருவே திரும்பிப் பார்த்தது. அழுவதிலும் அவள் என்னை முந்திவிட்டாள்.

திடீரென்று அழுகை நின்றது. ஜோசியான் சுவரோடு சரிந்து உட்கார்ந்திருந்தாள். கண் ஒரே இடத்தில் நின்றது. தோள்கள் ஏறி ஏறி இறங்கின. கைகள் இரண்டும் மணிக்கட்டில் மடங்கி, விரல்கள் ஒன்றாகச் சேர்ந்து விறைத்துப் போயின. எங்கள் யாருக்கும் பழக்கமில்லாத விதத்தில் கைகளை வைத்திருந்தாள். அக்காவின் அத்தை ஒருவர் கையைக் கூப்பிக் கத்தினார்.

"கமலா வந்துட்டா! அந்தப் பெண் மேல கமலா வந்துட்டா!"

யாரோ திருநீறு கொண்டுவந்தார்கள். சாம்பிராணிச் சட்டியை அவள் முகத்துக்கு நேரே காட்டினார்கள். அதுவரை அசையாத அக்காவின் அம்மா எழுந்து வந்து ஜோசியானின் கன்னங்களைப் பிடித்துக்கொண்டார். "வந்துட்டியா, மகளே? என்ன வேணும் உனக்கு? சொல்லாம போயிட்டியே, இப்ப சொல்லு." ஜோசியான் வாயைத் திறந்தாள். சொல் வரவில்லை. மூச்சு இன்னும் வேகமானது.

செத்த பிறகும் இவளிடம்தான் வந்தாரா? நான் நினைத்தது அதுதான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனதும் அதற்காகத்தான். அவள் முகத்தில் அக்கா இருக்கிறாரா என்று பார்க்க வேண்டியிருந்தது.

பார்த்தேன். உதடு நீலமாக இல்லை. ஆனால் மரத்துப்போனது போல நாக்கால் அதைத் தடவிக்கொண்டிருந்தாள். நெஞ்சின் மேல்பாதி மட்டும் துடித்தது. உள்ளே வாங்கிக்கொண்டே இருந்தாள், வெளியே விடவில்லை. மேற்பார்வையாளர் திட்டியதற்காக அழுத ஒரு புதுப் பெண்ணுக்கும் முன்பு இப்படி ஆனது. அன்று கதவுக்குப் பின்னால் அக்கா சொன்னார், "பயத்துல மூச்சை அதிகமா வாங்கிட்டா, அதான் விரல் இழுக்குது. மருந்து வேண்டாம். கூட்டத்தை விலக்கு. எதிரே உட்காரு. நீ மெதுவா விட்டா அவளும் விடுவா."

அது கமலா அக்கா இல்லை. என்னிடம் வராதவர் அவளிடமும் வரவில்லை. அதில் எனக்கு வந்த நிம்மதியை இங்கே எழுதாமல் விட முடியாது.

அப்போதுதான் அவருடைய அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். மகள் திரும்பி வந்திருக்கும் முகம் அது. நான் வாயைத் திறந்தால் அந்த அம்மா தம் மகளை இரண்டாம் முறை இழப்பார். திறக்காவிட்டால் ஜோசியான் அந்தப் புகைக்குள் மயங்கி விழுவாள். அத்தனை பேர் நடுவில், பிணம் கிடக்கும் வீட்டில், எல்லாருக்கும் கேட்கும்படி நான் பேசவேண்டும்.

"அம்மா, இது அக்கா இல்லை" என்றேன். கேட்கவில்லை. இன்னும் உரக்கச் சொன்னேன். "அம்மா, இது ஜோசியான். அக்காவை நினைச்சு அழுது மூச்சு முட்டிடுச்சு. புகையை வெளியே கொண்டு போங்க. ஜன்னலைத் திறங்க. நீங்க மட்டும் இங்கேயே இருங்க, இவ முதுகைப் பிடிச்சுக்கங்க."

அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் கண்ணை எடுக்கவில்லை. அவருடைய கைகள் மெல்லக் கன்னத்திலிருந்து இறங்கி ஜோசியானின் முதுகுக்குப் போயின.

நான் அவளுக்கு நேர் எதிரே தரையில் உட்கார்ந்தேன். "என்னைப் பார்" என்றேன். உதட்டைக் குவித்து, அவளுக்குத் தெரியும்படி, மெதுவாக மூச்சை வெளியே விட்டேன்.