கணப்பருகே வைத்த சிலந்தி

கொட்டச்சேடு என்ற மலைக்கிராமத்துக்கு மேலே இருந்த காபி எஸ்டேட் ஒன்றில் மேஸ்திரியாக இருந்தவர் மரியதாஸ். 1984ஆம் ஆண்டு பட்டுப்போன சில்வர் ஓக் மரமொன்றைச் சாய்த்தபோது, அதன் பொந்திலிருந்து உள்ளங்கையளவு மயிரடர்ந்த சிலந்தி ஒன்று வெளிப்பட்டது. நசுக்க ஓங்கிய ஆட்களைத் தடுத்து, அதைப் பிஸ்கட் டின்னில் அடைத்துத் தம் குடியிருப்புக்குக் கொண்டுவந்தார். கரப்பான்களைக் குச்சியால் தள்ளிக் கொடுத்து வளர்த்தார், கையால் தொட்டதில்லை. அத்தகைய சிலந்தி கடித்துப் பெருமாள் என்ற கூலியாளின் கை பத்து நாள் வீங்கிக் கிடந்ததை அவர் பார்த்திருந்தார்.

மனைவி இன்பமேரிக்கு டின் இருந்த மூலைப் பக்கம் போகவே நடுக்கம். அடுப்படியில் நின்றாலும், எட்டு மாதக் குழந்தை கிடக்கும் தூளியிலேயே அவர் காது இருக்கும். "புள்ள இருக்கற ஊட்டுல இதென்ன வளர்ப்புங்க? கொண்டுபோயி உட்டுட்டு வாங்க" என்பார். மூடி இறுக்கமாக இருக்கிறதென்று மரியதாஸ் சமாதானம் சொல்வார்.

ஆடிச் சாரலில் சிலந்தி இரையெடுப்பதை நிறுத்தியது. குளிரில் சுருண்ட கோழிக்குஞ்சைக் கணப்பருகே வைத்துப் பிழைக்கச் செய்வது அங்கே வழக்கம். மரியதாஸும் அவ்வாறே டின்னைக் கரிக்கணப்பின் பக்கத்தில் வைத்து, சூடு இறங்கட்டும் என்று மூடியைத் தளர்த்தினார். கணப்பின்மேல் கவிழ்த்த கூடையில் தூளிச் சேலை உலர்ந்துகொண்டிருந்தது.

மறுநாள் காலை சிலந்தி அசைவற்றுக் கிடந்தது. செத்துவிட்டதென்று எண்ணிக் குச்சியால் தூக்கினார். அது கனமின்றி வந்தது. மேற்புறம் திறந்து, உள்ளே ஒன்றுமில்லாமல் இருந்தது. வெறும் தோல். அதை உரித்துப்போட்ட சிலந்தி எங்கோ போயிருந்தது.

அவர் கூடையைப் பார்த்தார். சேலை அதில் இல்லை. சற்றுமுன்தான் இன்பமேரி அதைக் கட்டிக் குழந்தையைக் கிடத்தியிருந்தார்.

தூளியின் உள்மடிப்பில், உறங்கும் குழந்தையின் நெற்றிக்கு ஒரு சாண் மேலே, சிலந்தி கால் பரப்பி ஒட்டியிருந்தது. பாய்ந்த மனைவியின் தோளை மரியதாஸ் பிடித்துக்கொண்டார். சேலை அசைந்தால் அது ஓடும். எந்தப் பக்கம் ஓடுமென்று அவருக்குத் தெரியாது.

"நான் கையக் குடுக்கறேன் மேரி. அது ஏறுன பொறவு புள்ளயத் தூக்கு."

வெறுங்கையை அதன் கீழே நுழைத்தார். சிலந்தியின் ஒரு கால் அவர் விரலைத் தொட்டது. பின்னர் இன்னொன்று. மணிக்கட்டுக்கு வந்து நின்றது. அந்த நேரம் பார்த்துக் குழந்தை விழித்து உதைக்க, தூளி ஆடியது. சிலந்தி முழங்கைவரை விரைந்து ஏறியது. இன்பமேரி குழந்தையை வாரிக்கொண்டு மூலைக்கு ஒதுங்கினார்.

கையை நீட்டியபடியே மரியதாஸ் சாரலில் நடந்து, எஸ்டேட் எல்லையிலிருந்த பலாமரத்தில் கையை அணைத்து நின்றார். அது பட்டைக்கு மாற வெகுநேரமாயிற்று. 

திரும்பியபோது கதவு தாழிட்டிருந்தது. உள்ளிருந்து இன்பமேரியின் குரல் வந்தது:

"சட்டையக் கழட்டி நல்லா உதறுங்க. உதறுன சத்தம் கேட்டாத்தான் தொறப்பேன்."